பிட்கேர்ன் தீவில் தங்கல்: கப்பல், வீடு, சாப்பாடு குறித்து ஒரு மதிப்பீடு

பிட்கேர்ன் தீவுக்குப் போவதென்று முடிவு செய்தவர்கள் நான்கு நாள் தங்கும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பதினொரு நாள் தங்கலை எடுங்கள். அதற்கு விடுப்போ வசதியோ இல்லையென்றால் அந்தப் பணத்தை வேறொரு பசிபிக் தீவில் செலவிடுங்கள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தத் தீவைப் பற்றிப் படிக்கக் கிடைக்கும் பயணக் குறிப்புகளில் பெரும்பாலானவை சொகுசுக் கப்பலில் வந்து அரை நாள் இறங்கிப் போனவர்கள் எழுதியவை. 1789இல் ‘பவுண்டி’ என்ற கப்பலைக் கலகம் செய்து கைப்பற்றிய மாலுமிகள் இந்தத் தீவில் வந்து ஒளிந்து குடியேறிய கதையை அவர்கள் இன்னொரு முறை சொல்லி முடித்துவிடுகிறார்கள். கைக்காசைக் கொடுத்துத் தங்கப் போகிறவருக்கு அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைச் சொல்வதில்லை.

தென் பசிபிக்கில், தாகித்திக்குத் தென்கிழக்கே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் இந்தத் தீவின் பரப்பு ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதியான இதில் இன்று வாழ்பவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர். 1937இல் 233 பேர் இருந்ததே இதன் உச்சம். விமானத் தளம் கிடையாது, கப்பல் வந்து அணையும் துறைமுகமும் கிடையாது. பாலினேசியா என்றவுடன் நம் மனத்தில் எழும் பச்சை நிறக் காயலும் வெண்மணலும் தண்ணீர்மேல் நிற்கும் குடில்களும் இங்கே அறவே இல்லை. இது கடலிலிருந்து நேரே எழும் எரிமலைப் பாறை, சுற்றிலும் செங்குத்துச் சரிவு. கடற்கரையில் படுத்துக் கிடக்க விரும்புகிறவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொண்டு போரா போராவுக்குச் சீட்டு எடுத்துவிடலாம்.

போய்ச் சேரும் வழி ஒன்றுதான். தாகித்தியின் பாப்பியெத்தேயிலிருந்து ஏர் தாகித்தி விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பறந்து காம்பியர் தீவுக்கூட்டத்தின் மாங்கரேவாவுக்குச் செல்ல வேண்டும். விமானத் தளம் தோட்டேகேகி என்னும் பவளத் திட்டின்மேல் இருப்பதால், அங்கிருந்து படகில் காயலைக் கடந்து ரிக்கித்தேயா என்ற ஊருக்குப் போக வேண்டும். அங்கேதான் ‘சில்வர் சப்போர்ட்டர்’ என்ற கப்பல் காத்திருக்கும். மாங்கரேவாவிலிருந்து பிட்கேர்ன் சுமார் 530 கிலோமீட்டர். ஒன்றரை நாள் கடல் பயணம்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியில் உண்மையான சிக்கல் பிட்கேர்ன் அல்ல, வழியில் வரும் ஊர்களே. பதினான்கு நாட்களுக்கு உட்பட்ட வருகைக்குப் பிட்கேர்ன் முன்கூட்டியே விசா கேட்பதில்லை. திரும்பிப் போகும் சீட்டும், அவசர மருத்துவ வெளியேற்றச் செலவை ஏற்கும் காப்பீடும், கையில் போதிய பணமும் இருந்தால் போதும். ஆனால் பிரெஞ்சு பாலினேசியாவுக்குத் தனி விசா வேண்டும். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லுபடியாகாது. அதோடு ஆக்லாந்து வழியாகப் போனால் நியூசிலாந்தின் இடைவழி விசா, லாஸ் ஏஞ்சலிஸ் வழியாகப் போனால் அமெரிக்க விசா என்று கூடுதல் காகிதங்கள் சேரும். எங்களுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுத்த சென்னைப் பயண முகவர் ஒருவர், ஷெங்கன் இருக்கிறதல்லவா, அதுவே போதும் என்று மூன்று முறை உறுதி கூறினார். விசா விண்ணப்ப மையத்தில் நாங்களே நேரில் கேட்டறிந்திராவிட்டால் பாப்பியெத்தே விமானத்தில் ஏற்றியிருக்கவே மாட்டார்கள். அதன் பிறகும் அவர் தம் கட்டணத்தில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. இந்தப் பயணம் முழுவதிலும் காசுக்கு ஏற்ற வேலை நடக்காத ஒரே இடம் அதுதான். இதற்கு முகவரே தேவையில்லை என்பது என் கருத்து. தீவின் சுற்றுலா அலுவலகத்துக்கு நேரடியாக எழுதினால் கப்பலிடத்தையும் தங்கும் வீட்டையும் அவர்களே ஏற்பாடு செய்து தருகிறார்கள்.

இனிக் கப்பல். இது பயணிகளுக்காகக் கட்டிய கப்பல் அல்ல. தீவுக்கு வேண்டிய டீசலும் சிமெண்டும் மாவும் உறைபனிப் பெட்டியில் இறைச்சியும் சுமந்து நியூசிலாந்திலிருந்து வரும் சரக்குக் கப்பலில் பன்னிரண்டு பேருக்குப் படுக்கையிடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அறைகள் சிறியவை என்றாலும் தூய்மையாக இருந்தன, விரிப்புகள் புதியவை, குளியலறையில் வெந்நீர் வந்தது. சாப்பாட்டு மேசையில் பயணிகளும் பணியாளர்களும் அருகருகே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தீவுக்குத் திரும்பும் ஒருவரும், பணிக்காலம் தொடங்கப் போகும் அரசு ஊழியர் ஒருவரும் எங்களோடு வந்தார்கள். பிட்கேர்னைப் பற்றி அந்த மேசையில் கேட்டறிந்தது பின்னர் அருங்காட்சியகத்தில் படித்ததைவிடப் பயனுள்ளதாக இருந்தது. கப்பலின் மேல் சுமத்த முடியாத குறை ஒன்று உண்டு. மாங்கரேவாவின் பவளத்தடையைத் தாண்டியதும் கடல் தன் உண்மையான உருவத்தைக் காட்டுகிறது. தெற்கிலிருந்து வரும் நீண்ட அலை கப்பலைப் பக்கவாட்டில் தூக்கித் தூக்கிப் போடுகிறது. வாந்தியைத் தடுக்கும் மாத்திரையைக் கப்பலில் ஏறுவதற்கு முன்பே விழுங்கிவிட வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்குவதில்லை. கடல் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தவர்கள் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள் என்பதை நன்றாக எண்ணிப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

தீவில் இறங்குவது இந்தச் சேவையின் மிகக் கடினமான பகுதி, மிகச் சிறப்பாகச் செய்யப்படும் பகுதியும் அதுவே. கப்பல் கரைக்கு வெளியே ஆழ்கடலில் நிற்க, தீவிலிருந்து நீள்படகு என்று அவர்கள் அழைக்கும் பெரிய திறந்த படகு அதன் பக்கத்தில் வந்து சேர்கிறது. கப்பலின் விளிம்பிலிருந்து தொங்கும் ஏணியில் பயணி இறங்க வேண்டும். படகு அலைக்கு ஏற்றபடி ஓர் ஆள் உயரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏணியின் கடைசிப் படியில் நான் நின்றபோது கீழே இருந்த இருவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவர்கள் கண் முழுவதும் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த அலையின் மேல் இருந்தது. படகு மேலெழுந்து உச்சத்தில் ஒரு கணம் நின்றபோது “இப்போது” என்று ஒரு சொல் வந்தது. அதற்குள் என் இரு மணிக்கட்டுகளும் அவர்கள் பிடியில் இருந்தன. அடுத்த மூச்சில் நான் படகின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு பவுண்டி விரிகுடாவின் வாயில் படகைச் சற்று நிறுத்தி, பின்னால் வரும் அலைகளை எண்ணிப் பார்த்து, தக்க அலை வந்ததும் அதன் முதுகில் ஏறிப் பாறைகளுக்கிடையே பாய்ந்து உள்ளே நுழைந்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் செய்யும் தொழில் என்பது அவர்கள் பேச்சில் அல்ல, பேசாமையில் தெரிந்தது. அறுபதைக் கடந்த ஒரு தம்பதியரையும் அதே நிதானத்தோடு இறக்கினார்கள். முழங்கால் வலி உள்ளவர்களும் போகலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அலை மிகுந்த நாட்களில் இறங்கவே முடியாமல் போவதுண்டு. சொகுசுக் கப்பலில் வருகிறவர்களில் பலர் தீவைக் கப்பல் தளத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவது இதனால்தான்.

விரிகுடாவிலிருந்து ஊருக்கு ஏறும் பாதைக்குத் துன்ப மேடு என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நான்கு சக்கர மோட்டார் பைக்கில் பெட்டிகளோடு நம்மையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்காரர் அந்தச் செங்குத்தில் ஏறுவார். மேலே ஆடம்ஸ்டவுன். தீவில் இருக்கும் ஒரே ஊர் அதுதான்; மாமரமும் வாழையும் தென்னையும் சூழ்ந்த வீடுகள் சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன.

தங்கும் விடுதி என்று ஒன்று இங்கே இல்லாததால் பயணிகள் தீவு மக்களின் வீடுகளில்தான் தங்குகிறார்கள். மூன்று வேளைச் சாப்பாடும் துணி துவைத்தலும் வாடகையில் அடக்கம். எங்களுக்குக் கிடைத்த அறையில் கட்டில், கொசுவலை, எழுதும் மேசை, கடலைப் பார்த்த ஜன்னல் இருந்தன. தண்ணீர் கூரையிலிருந்து வடிந்து தொட்டியில் சேரும் மழைநீர். நன்றாக இருந்தது, ஆனால் மழை பொய்த்தால் அனைவருக்கும் தட்டுப்பாடுதான், ஆகவே நீண்ட குளியலை மறந்துவிட வேண்டும். மின்சாரம் ஊர்ப் பொது டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. நாங்கள் சென்றபோது இரவு வேளையில் அது நின்றுவிட்டது, விடியும்வரை கைவிளக்கே துணை. மூச்சுக்கருவி போன்ற மின்சாரத்தில் இயங்கும் மருத்துவப் பொருள் எதையும் இரவில் பயன்படுத்துகிறவர்கள் இதை முதலில் எழுதிக் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். குளிரூட்டி இல்லை, தேவைப்படவும் இல்லை. அறைக்குப் பூட்டு இல்லாதது தொடக்கத்தில் உறுத்தினாலும் அடுத்த நாளே அது மறந்துபோயிற்று.

நான்கு நாள் தங்கல் வேண்டாம் என்று நான் சொல்வதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. கப்பல் வந்து நிற்கும் நாள் தீவுக்கு ஓய்வு நாள் அல்ல, ஆண்டின் மிகக் கடினமான வேலை நாட்களில் ஒன்று. சரக்கை இறக்க உடலில் வலுவுள்ள ஒவ்வொருவரும் வேண்டும். நம் வீட்டுக்காரர் ஒரு கணம் படகோட்டி, அடுத்த கணம் பளுதூக்கி இயக்குபவர், மாலையில் அஞ்சல் அலுவலகத்தில் மூட்டை பிரிப்பவர். அவர் மனைவி நமக்குச் சமைத்துக்கொண்டே கப்பலில் வந்த மளிகையைக் கணக்குப் பார்ப்பார். அலையின் தள்ளாட்டம் நம் காதில் இன்னும் ஓய்ந்திருக்காது. போதாததற்குச் சனிக்கிழமையும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளும். சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொள்ளும் செவந்த் டே அட்வெண்டிஸ்ட் என்ற கிறித்தவப் பிரிவை 1880களில் தழுவிய இந்தத் தீவில் அன்று கடையும் அலுவலகமும் திறப்பதில்லை. திரும்பும் நாளில் மீண்டும் சரக்கு, படகு, பரபரப்பு. ஆக, நான்கு நாள் தங்கலுக்கு வருகிறவர் தீவு மக்களை வேலை செய்யும் கைகளாக மட்டுமே பார்த்துவிட்டுப் போகிறார். எங்களோடு வந்தவர்களில் குறுகிய தங்கலை எடுத்தவர்கள் புறப்பட்டுக் கப்பல் அடிவானத்தில் மறைந்த பிறகுதான் ஊர் மூச்சு விட்டது. அன்று மாலையே வாசலில் நாற்காலி போட்டார்கள், பேச்சு தொடங்கிற்று.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, சைவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான். தாராளமாகக் கிடைக்கும். அட்வெண்டிஸ்ட் மரபு இறைச்சியை ஒதுக்குவதை ஆதரிப்பது என்பதால் ‘இறைச்சி சாப்பிடமாட்டேன்’ என்பது அங்கே புதிய சொல் அல்ல. சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி, பீன்ஸ், வாழைக்காய், பப்பாளி என்று தோட்டத்தில் விளைவதுதான் மேசைக்கு வருகிறது. வாழையையோ கிழங்கையோ துருவித் தேங்காய்ப் பால் விட்டு வாழையிலையில் வைத்துச் சுட்டெடுக்கும் பில்ஹி என்ற பண்டத்தை நான் மறுமுறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மீன் உண்பவர்களுக்கு அன்று காலையில் பாறையிலிருந்து தூண்டிலில் பிடித்த மீன் அன்று நடுப்பகலிலேயே பொரித்துக் கிடைக்கும். அதைவிடப் புதிய மீனை நான் சாப்பிட்டதில்லை. சீமைப்பலாவைத் தீயில் சுட்டுத் தோலை உரித்துப் பரிமாறினார்கள். பவுண்டி கப்பல் 1789இல் தாகித்தியிலிருந்து ஏற்றிக்கொண்டு புறப்பட்டது மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கு மலிவான உணவாகப் பயிரிட வேண்டிய இதே சீமைப்பலாக் கன்றுகளைத்தான். அந்தக் கப்பலைக் கைப்பற்றியவர்களின் வழிவந்தவர்கள் அதைச் சுட்டுத் தட்டில் வைப்பதைப் பார்க்கும்போது, புத்தகத்தில் படித்த வரலாறு கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்கார்கிறது.

உப்பும் எலுமிச்சையும் தேங்காயும் இருக்கின்றன, காரம் இல்லை. பொடியோ ஊறுகாயோ கொண்டுபோக விரும்புகிறவர்கள் முளைக்கக்கூடிய விதை எதையும் எடுத்துச் செல்லக் கூடாது, கொண்டுபோவதை மறைக்கவும் கூடாது. தேனுக்கு முழுத் தடை. இந்தத் தீவின் தேனீக்கள் உலகின் பிற பகுதிகளைத் தாக்கும் நோய்கள் அண்டாதவை, அந்தத் தூய்மையைக் காப்பது அவர்களுக்குப் பிழைப்பு. மறுபுறம், அவர்கள் விற்கும் தேன் கட்டாயம் வாங்க வேண்டிய பொருள்: மாம்பூவும் கொய்யாப்பூவும் கலந்த மணம் நாக்கில் நெடுநேரம் நிற்கிறது.

வாங்க வேண்டிய இன்னொன்று மரச்செதுக்கு. மீரோ என்ற மரத்தில் சுறாவும் பறக்கும் மீனும் பவுண்டி கப்பலின் சிறு உருவும் செதுக்கி, சொகுசுக் கப்பல்கள் வரும்போது மேலேறிச் சென்று விற்பது இவர்களுடைய வருமானத்தில் முக்கியமான பங்கு. எங்கள் வீட்டுக்காரர் கொட்டகையில் ஒரு சுறாவின் துடுப்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தரையில் விழுந்திருந்த செந்தவிட்டுத் தூளையும் அருகே கிடந்த இதய வடிவ இலையையும் பார்த்ததும் எனக்கு அடையாளம் புரிந்துவிட்டது. மீரோ என்பது வேறெதுவுமல்ல, நம் ஊர்ப் பூவரசுதான். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவது எப்படி என்று நான் ஊதிக் காட்டியபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய பேத்தி அன்று மாலை முழுவதும் ஊதித் தள்ளினாள். பிட்கேர்னில் இந்த மரம் போதுமான அளவு இல்லாததால், ஆளில்லாத ஹெண்டர்சன் தீவுக்குப் படகில் போய் வெட்டி வருகிறார்கள். ஹெண்டர்சன் 1988இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் இடம். மனிதர் வாழாத அந்தக் கரையில்தான் கடல் கொண்டுவந்து ஒதுக்கிய கோடிக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன என்று 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். செதுக்கு வேலைகளின் விலையில் பேரம் பேசாதீர்கள். மரம் வரும் தொலைவையும் கைவேலையையும் பார்த்தால் விலை குறைவுதான்.

சுற்றிப் பார்க்கும் இடங்களுக்குக் கட்டணமும் வரிசையும் கிடையாது, கைப்பிடிச் சுவரும் கிடையாது. தீவின் வரைபடத்தில் ‘டான் ஃபால்’, ‘ஜானி ஃபால்’, ‘பிரேக் இம் ஹிப்’ என்று பெயர்கள் வரிசையாக வரும். டான் விழுந்த இடம், ஜானி விழுந்த இடம், ஒருவர் இடுப்பை முறித்துக்கொண்ட இடம் என்று அவற்றை எச்சரிக்கைப் பலகைகளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மழைக்குப் பின் செம்மண் சோப்புப் போல வழுக்கும். கலகத்தின் தலைவர் ஃப்ளெட்சர் கிறிஸ்டியன் அமர்ந்து கடலில் கப்பல் வருகிறதா என்று பார்த்திருந்ததாகச் சொல்லும் குகைக்கு ஏறும் கடைசிச் சரிவில் கையையும் பயன்படுத்த வேண்டியிருந்தது. உயரத்துக்கு அஞ்சுகிறவர்கள் அதைக் கீழிருந்தே பார்த்துக்கொள்ளலாம், ஊரின் எந்த முனையிலிருந்தும் தெரிகிறது. நான் அதிக மதிப்பெண் கொடுப்பது தென்கிழக்கில் ‘டவுன் ரோப்’ என்னும் செங்குத்துக்கு. அதன் அடியில், கலகக்காரர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்து மறைந்த பாலினேசியர்கள் பாறையில் செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன. இறங்குவது ஆபத்தானது, உள்ளூர் ஆள் துணையில்லாமல் போகக் கூடாது, போனால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார், அந்தக் கோபம் நியாயமானது. கிழக்கு முனையில் பாறைகளுக்கு நடுவே இருக்கும் புனித பவுல் குளம் அமைதியான நாளில் குளிக்கச் சிறந்த இடம். அலை எழும் நாளில் படிக்கட்டோடு நின்றுவிட வேண்டும். வடமேற்கில் டெட்சைட் பக்கம் வாழும் கலாபகஸ் பேராமை ஒன்றையும் பார்த்தோம். யாரோ ஒரு மாலுமி கொண்டுவந்து விட்டுப் போன அந்தப் பிராணிக்கு வாழைப்பழம் கொடுக்கலாம். அதற்காக ஒரு நாளை ஒதுக்கத் தேவையில்லை.

அருங்காட்சியகம் சிறியது, ஆனால் கவனமாக அமைத்திருக்கிறார்கள். பவுண்டியின் பீரங்கி ஒன்று அங்கே இருக்கிறது. 1957இல் கடலடியிலிருந்து எடுத்த நங்கூரம் ஊர்ச் சதுக்கத்தில் நிற்கிறது. 1790 ஜனவரியில் இங்கே வந்து சேர்ந்த ஒன்பது கலகக்காரர்களும் தங்களோடு பாலினேசியப் பெண்களையும் ஆறு ஆண்களையும் அழைத்து வந்தார்கள். கடல் வரைபடத்தில் தீவின் இடம் பிழையாகக் குறிக்கப்பட்டிருந்தது அவர்களுக்கு வசதியாயிற்று. கப்பலைக் கொளுத்திவிட்டு மறைந்து வாழ்ந்தார்கள். நிலத்தை ஒன்பது வெள்ளையர்களே பங்கு போட்டுக்கொண்டு பாலினேசிய ஆண்களை வேலையாட்களாக நடத்தியதன் விளைவு, சில ஆண்டுகளில் ஒருவரை ஒருவர் கொன்று தீர்த்தது. 1808இல் ‘டோப்பாஸ்’ என்ற அமெரிக்கக் கப்பல் வந்தபோது ஆண்களில் மிஞ்சியிருந்தவர் ஜான் ஆடம்ஸ் ஒருவரே. மற்றவர்கள் பெண்களும் குழந்தைகளும். அந்தக் குழந்தைகளுக்கு மண் அடுப்பையும் மரப்பட்டைத் துணியையும் மீன்பிடியையும் கற்றுக்கொடுத்து உயிரோடு வைத்திருந்தவர்கள் அந்தத் தாகித்தியப் பெண்கள். ஆனால் நினைவுப்பொருட்களில் எல்லாம் கப்பலின் பெயரே இருக்கிறது. அருங்காட்சியகத்திலுள்ள மரப்பட்டைத் துணியின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும் என்று போகிறவர்களுக்குச் சொல்வேன்.

எழுதாமல் விடக் கூடாத ஒன்று இருக்கிறது. சிறுமிகள்மீது நடந்த பாலியல் குற்றங்களுக்காக 2004இல் இந்தத் தீவிலேயே விசாரணை நடந்து ஆறு ஆண்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவ்வளவு சிறிய மக்கள்தொகையில் அது எத்தனை வீடுகளைத் தொட்டிருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கத் தேவையில்லை. இப்படிப்பட்ட இடத்துக்குப் பணம் கொடுத்துப் போகலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அதன் பிறகு வெளியிலிருந்து காவல் அதிகாரியும் பிற பணியாளர்களும் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். சுற்றுலா வருமானமும் இல்லாமல் போனால் எஞ்சியிருக்கும் முதியவர்களும் வெளியேறுவதைத் தவிர வழியில்லை. நான் போனேன், அதற்காக வருந்தவில்லை. ஆனால் வருகிறவர்கள் விருந்தோம்புகிறவரை உட்கார வைத்து அதைப் பற்றி விசாரணை நடத்துவது முறையாகாது; அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஒரு மாலை அவர்களாகவே பேசினார்கள், அதை இங்கே எழுதப் போவதில்லை.

இரவு வானத்தைப் பற்றி நீட்டி எழுத ஆசைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 2019இல் இருள்வானச் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்ட தீவு இது. நிலவற்ற நாட்களைப் பார்த்து முன்பதிவு செய்தால் அதன் முழுப் பயனும் கிடைக்கும், கப்பல் அட்டவணை அதற்கு இடம் கொடுத்தால்.

பணத்துக்கு வருவோம். நியூசிலாந்து டாலர்தான் புழக்கத்தில் இருக்கிறது, பணம் எடுக்கும் எந்திரம் இல்லை. ஆகவே தேவையான தாள்களை ஆக்லாந்திலோ அதற்கு முன்போ மாற்றி எடுத்துப் போக வேண்டும். கப்பல் கட்டணமே சில ஆயிரம் டாலர். விமானங்களையும் மாங்கரேவாவில் காத்திருக்கும் இரவுகளையும் சேர்த்தால் ஒருவருக்குப் பல லட்ச ரூபாய் ஆகிவிடும். இதில் தீவில் தங்கும் செலவு சிறிய பங்குதான் என்பதைக் கவனிக்க வேண்டும். போய்வரும் செலவு நான்கு நாளுக்கும் பதினொரு நாளுக்கும் ஏறக்குறைய ஒன்றே. கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளும் மலிவாகிக்கொண்டே போகிறது. ஊர்க் கடை வாரத்தில் சில நாட்கள் சில மணி நேரம் மட்டும் திறக்கிறது, அதில் இருப்பவை தீவு மக்கள் மாதக் கணக்கில் காத்திருந்து பெற்ற பொருட்கள். பற்பசை, மாத்திரை, பேட்டரி போன்றவற்றை அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று போவது அவர்கள் பங்கை எடுத்துக்கொள்வதாகும். மருத்துவர் ஒருவர் இருக்கிறார், சிறு மருத்துவமனையும் இருக்கிறது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். இதய நோயாளிகளும் கருவுற்றவர்களும் போக வேண்டாம் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

1940இலிருந்து சொந்தமாக அஞ்சல்தலை வெளியிடும் தீவு என்பதால் அவற்றைச் சேகரிப்பவர்கள் அஞ்சல் அலுவலகத்தில் நேரம் செலவிடலாம். அங்கிருந்து போடும் அட்டை அடுத்த கப்பலில்தான் புறப்படும், நாம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகே அது வரும்.

முன்பதிவு செய்கிறவர்களுக்கு வரிசைமுறை ஒன்று முக்கியம். முதலில் கப்பலில் இடம் உறுதியாக வேண்டும், ஏனெனில் பன்னிரண்டு இடங்களில் தீவு மக்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் போனது போக மீதிதான் நமக்கு. அதன் பிறகு மாங்கரேவா விமானம். வாரத்தில் அது பறக்கும் நாளும் கப்பல் புறப்படும் நாளும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாகப் பிரெஞ்சு பாலினேசிய விசா. அது கிடைத்த பிறகே பாப்பியெத்தேவுக்கான நெடுந்தூரச் சீட்டு. திரும்பும் வழியில் கடல் கப்பலைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் தாகித்தியில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விட்டுச் சீட்டு எடுங்கள். தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய சீட்டாக அது இருந்தால் இன்னும் நல்லது.